பழைய உடுப்புக் குவியலில் நல்லதைத் தேர்வது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

பழைய உடுப்புக் கடைகளைப் பற்றிக் கேள்வி அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் திரும்பத் திரும்பத் தெரிவது ஒரே தயக்கம்தான்: குவியலுக்குள் கை வைத்தால் எது நல்லது, எது கழிவு என்று பிரிக்கத் தெரியவில்லை. கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றியிருக்கிறோம். முதலில் துணி, அடுத்து தையல், அதற்கடுத்து அளவு, கடைசியில்தான் கம்பனிப் பெயர். பலரும் பெயரில் தொடங்குகிறார்கள். காசு வீணாவது அங்கேதான்.

நுவரெலியா பேல் பஜாரில் நல்ல பழைய கம்பளிக் கோட்டு ஒன்று தேட வேண்டும். கடை கடையாக ஒரே மாதிரி ஜக்கெட்டுகள்தான் தொங்குகின்றன. எங்கே, எப்படித் தேடுவது? – வாசகி, தலவாக்கலை

பெயர் பேல் பஜார் என்றாலும் அங்கே தொங்குவதெல்லாம் பேலில், அதாவது வெளிநாட்டிலிருந்து பெரிய பொதியாகக் கட்டி, வந்த பழைய உடுப்பு அல்ல. ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சியது, புதிதாக இறக்குமதியானது, வெளிநாட்டில் யாரோ உடுத்துக் கழித்தது என்று மூன்று வகை கலந்து கிடக்கும். தொழிற்சாலை மிச்சத்தில் பெரும்பாலும் கழுத்துப் பட்டி (கழுத்தின் உள்பக்கம் தைத்த லேபல்) பாதியாக வெட்டப்பட்டிருக்கும், அல்லது பேனையால் கோடு இழுத்திருக்கும். கொலரின் மடிப்பு தேயாமல் கூர்மையாக இருக்கும். அதுவும் நல்ல உடுப்புத்தான், ஆனால் நீங்கள் தேடுவது அது அல்ல. உடுத்த உடுப்பில் கொலர் மடிப்பும் கைவிளிம்பும் மென்மையாகிப் போயிருக்கும். அப்படிப்பட்டவை கடையின் முன்வரிசையில் தொங்காது. உள்பக்கத்திலோ, தரையில் விரித்த குவியலிலோ இருக்கும். "உடுத்த கோட்டு எங்கே?" என்று நேராகக் கேளுங்கள். புதுப் பேல் எந்த நாளில் உடைப்பார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். உடைத்த அன்று காலையில் போனால்தான் முதல் தெரிவு உங்களுக்கு. ஏப்ரல் சீசனில் வெளியூர்க் கூட்டம் நிறைந்துவிடும், பேரம் பேச இடமிருக்காது. பெப்ரவரி, மார்ச்சில் வாரநாள் ஒன்றில் போவது நல்லது.

குவியலுக்கு முன் நின்றதும் கண்ணால் தேடாதீர்கள், கையால் தேடுங்கள். விரல்களின் பின்புறத்தை வரிசை நெடுகத் தடவிக்கொண்டு போனால் கம்பளி, பருத்தி, லினன், பட்டு ஆகியவை தனியாகத் தெரியும். பொலியெஸ்டர் வழுக்கும். அக்ரிலிக் பஞ்சு போல மெத்தென்று இருந்தாலும் அழுத்தினால் திரும்பி எழாது. கை நின்ற இடத்தில் மட்டும் உடுப்பை வெளியே எடுங்கள். நிறமும் வெட்டும் பிறகு பார்க்கலாம்.

எடுத்ததைக் கடை விளக்கின் கீழ் பார்க்க வேண்டாம். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் இந்த ஒழுங்கில் பாருங்கள்:

அக்குள். உள்ளே கையை விட்டுத் துணியை விரியுங்கள். மஞ்சள் கறையோடு துணி விறைத்திருந்தால் வியர்வை நாரையே தின்றிருக்கிறது, கழுவினால் கிழியும். உள்துணி மட்டும் கிழிந்திருந்தால் கவலை இல்லை, அதை மாற்றலாம்.

கொலரின் அடிப்பக்கம், பொக்கெட் மூடியின் உள்பக்கம், கைமடிப்பின் உள்பக்கம். அந்துப்பூச்சியின் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி இங்கேதான் ஒளியும். வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட கம்பளி அதற்குப் பிடித்தமானது. வெள்ளை நூலாம்படை மாதிரியான குழாய்களும், துணியின் நிறத்திலேயே மணல் போன்ற எச்சமும் கண்டால் அந்த உடுப்பைத் திரும்ப வைத்துவிடுங்கள். வீட்டிலுள்ள மற்றக் கம்பளிகளையும் அது கெடுத்துவிடும்.

பிறகு முழு உடுப்பையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அவை பூச்சித் துளைகள். இரண்டு மூன்று என்றால், அதுவும் மடிப்புக்குள் என்றால், உள்தையல் ஓரத்திலிருந்து நூல் உருவிப் பின்னி அடைக்கலாம். முதுகிலும் மார்பிலும் சிதறிக் கிடந்தால் வேண்டாம்.

தோள்பட்டை. கோட்டில் திருத்த முடியாத இடம் இதுதான். போட்டுப் பார்க்கும்போது தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். உள்ளே ஒரு சுவெட்டர் போடுவதானால் அரை அங்குலம் வெளியே நிற்கலாம்.

கடைசியாகப் பொத்தான்களும் ஸிப்பும். ஸிப்பை மேலும் கீழுமாகப் பத்துத் தடவை இழுங்கள். பொத்தான் ஒன்று குறைந்தால் உள்தையலில் உபரிப் பொத்தான் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மாற்றும் செலவைச் சேர்த்தே விலையை யோசியுங்கள்.

கையில் ஓர் அளவு நாடா, கைபேசி விளக்கு, உடலோடு ஒட்டிய மெல்லிய சட்டை. இவை போதும்.

கழுத்துப் பட்டியையும் ஸிப்பையும் பார்த்து உடுப்பு எந்தக் காலத்தது என்று சொல்லலாம் என்கிறார்கள். உண்மையா? – வாசகர், பதுளை

ஓரளவுக்கு உண்மை. இருபது வருடத்துக்கு மேற்பட்ட உடுப்பை 'வின்டேஜ்' என்று விற்பது வியாபார வழக்கம். நூறு வருடத்தைத் தாண்டினால் அது வேறு சந்தை. பேலில் வருவதில் பெரும்பாலானவை அந்த இருபதைக்கூடத் தொடாதவை என்பதால், பட்டியைப் படிக்கத் தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள்.

நாட்டின் பெயரிலிருந்து தொடங்குங்கள். 'மேற்கு ஜெர்மனி' என்று எழுதியிருந்தால் அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. சோவியத் ஒன்றியம் என்றால் 1991க்கு முந்தியது, செக்கோஸ்லோவாக்கியா என்றால் 1992க்குப் பிந்தாதது. 'சிலோனில் செய்தது' என்று யாராவது காட்டினால் அது நமது நாட்டின் பெயர் மாறிய 1972க்கு முந்திய பட்டி.

அமெரிக்க உடுப்பில் நார் விபரத்தைப் பட்டியில் எழுதுவது 1960இல் கட்டாயமானது. எப்படிக் கழுவுவது என்ற நிரந்தரப் பட்டி கட்டாயமானது 1972இல். ஆகவே, பட்டி வெட்டப்படாமல் இருந்தும் கழுவும் விபரம் எங்கேயும் இல்லாத அமெரிக்கச் சட்டை அதற்கு முந்தியதாக இருக்க இடமுண்டு. பெண்கள் உடுப்புத் தொழிலாளர் சங்கத்தின் சிவப்பு-வெள்ளை-நீலப் பட்டி 1974 முதல் 1995 வரை தைக்கப்பட்டது. லீவைஸ் காற்சட்டையின் சிவப்புத் துண்டில் இரண்டாவது எழுத்தும் பெரிய எழுத்தாக இருந்தால் 1971 வரையிலானது என்பார்கள். ஆனால் அதே துண்டோடு மறுபதிப்புகளும் வந்திருப்பதால் இந்த ஓர் அடையாளத்துக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

பிரித்தானியப் பேல்களில் 'சென் மைக்கேல்' பட்டி அடிக்கடி கண்ணில் படும். மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் நிறுவனத்தின் பழைய பெயர் அது. 2000ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டது. மலைநாட்டுக் குளிருக்கு இதன் கம்பளி சுவெட்டர்கள் மிகப் பொருத்தம், பெயர் தெரியாததால் மலிவாகவும் கிடைக்கும். கம்பளி நூற்கண்டு வடிவிலான வூல்மார்க் முத்திரை 1964இல் வந்தது. கலப்புக் கம்பளிக்கான முத்திரை 1971இல். உருண்டையின் மேல் சிலுவை போட்ட முத்திரை ஹரிஸ் துவீட் என்ற கம்பளித் துணியுடையது. ஸ்கொட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் தீவுவாசிகள் தங்கள் வீடுகளில் கைத்தறியில் நெய்த துணிக்கு மட்டுமே அது உரியது. அதற்கென்று 1993இல் சட்டமே வந்தது. கண்டால் விடாதீர்கள், தோள் பொருந்தினால்.

ஸிப்பைப் பொறுத்தவரை, கவுன், பாவாடை, காற்சட்டைகளில் 1960கள் வரை உலோகப் பல்தான் வழக்கம். நைலோன் சுருள் ஸிப் அதற்குப் பிறகு பரவியது. ஆனால் ஜீன்ஸில் இன்றும் உலோகம்தான். வைகேகே என்ற எழுத்து ஒன்றையும் நிரூபிக்காது. அந்த ஜப்பானியக் கம்பனி 1934இல் தொடங்கி இன்றுவரை செய்கிறது.

எல்லா அடையாளங்களையும் சேர்த்து, ஆகப் புதியது எதுவோ அதையே நம்புங்கள். 1960களின் வெட்டில் இருக்கும் கோட்டில் 1980களின் பட்டி தைத்திருந்தால் அது 1980களின் கோட்டு. ஸிப் மட்டும் புதிதாக இருந்தால் அதைச் சுற்றிய தையல் நூலின் நிறத்தைப் பாருங்கள். வேறு நூல் என்றால் பிறகு மாற்றியது.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் குவியல்களில் 'இலங்கையில் செய்தது' என்ற பட்டியும் வரும். 1977க்குப் பிறகு வளர்ந்த ஏற்றுமதி ஆடைத்தொழிலும், 1992இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டமும் தந்த உடுப்புகள் அவை. தோட்டத்துப் பிள்ளைகள் பலரும் தைத்துக்கொடுத்த உடுப்பு ஐரோப்பாவுக்குப் போய், அங்கே உடுக்கப்பட்டு, பேலில் கட்டப்பட்டு ஊருக்குத் திரும்பியிருக்கலாம். தையலைப் பாருங்கள், பெரும்பாலும் குறை சொல்ல இடமிருக்காது.

கடைக்காரர் எல்லாவற்றையும் 'வூல்' என்கிறார். எப்படி உறுதிப்படுத்துவது? – வாசகி, கொட்டகலை

உள்தையல் ஓரத்திலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் நூல் உருவுங்கள். கடையில் என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வீட்டில், தண்ணீர் ஊற்றிய தட்டின் மேலே, இடுக்கியால் பிடித்து நெருப்புக் காட்டுங்கள். கம்பளியும் பட்டும் தயங்கி எரிந்து, நெருப்பை எடுத்ததும் அணையும். முடி கருகிய மணம் வரும். கரியை விரலால் நசுக்கினால் தூளாகும். பருத்தி காகிதம் எரிகிற மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சொட்டி, கறுத்த கெட்டி மணியாக இறுகும். அக்ரிலிக் சடசடவென்று வேகமாக எரிந்து, ஒழுங்கற்ற கறுப்புக் கட்டியாகும். கலப்பு நூலில் இரண்டு அடையாளமும் வரும்: முடி மணமும் இருக்கும், நசுக்கினால் நசுங்காத கட்டியும் இருக்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. பனிமூட்டத்தில் காலையில் நடந்து போகிறவருக்கு இதுதான் வேண்டியது. அக்ரிலிக் அந்த ஈரத்தை உள்ளே வாங்காது. அதனால் வியர்த்து நின்றதும் குளிரும்.

பேலில் வாங்கிய அழகான கம்பளி சுவெட்டர் ஒரு தடவை துவைத்ததும் பிள்ளைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. திரும்பப் பெரிதாக்கலாமா? – வாசகி, மஸ்கெலியா

முழுமையாக முடியாது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற செதில்கள் உண்டு. ஈரம், சூடு, கசக்கல் மூன்றும் சேரும்போது அவை ஒன்றையொன்று கொளுவி இறுகிவிடும். கொளுவியதை அவிழ்க்க வழியில்லை. சுருக்கம் லேசானது என்றால், ஐந்து லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி தலைமுடிக் கண்டிஷனர் கரைத்து அரை மணித்தியாலம் ஊறவிட்டு, பிழியாமல் துவாயில் சுருட்டி ஈரம் எடுத்து, சமதரையில் விரித்து மெல்ல மெல்ல இழுத்துக் குண்டூசி குத்தி உலரவிடலாம். ஓரளவு இளகும். துணி கெட்டியாகி, பின்னல் கண்களே தெரியாமல் போயிருந்தால் விட்டுவிட்டு, வெட்டித் தொப்பியாகவோ கையுறையாகவோ தையுங்கள். இறுகிய கம்பளி வெட்டினால் நூல் பிரியாது.

அடுத்த முறைக்கு: நமது குழாய்த் தண்ணீர் ஐஸ் போல இருப்பதால், உடுப்பு ஊறிக்கொண்டிருக்கும்போதே கொதிநீர் ஊற்றுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. கெடுவது அந்த இடத்தில்தான். தண்ணீரைத் தனியாகக் கலந்து, முழங்கையை விட்டால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கும் அளவுக்கு, சுமார் 30 பாகைக்குக் கொண்டு வந்து, பிறகு உடுப்பைப் போடுங்கள். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். சலவைச் சவர்க்காரமும் சாதாரண சலவைத் தூளும் வேண்டாம். அவற்றின் காரமும், தூளிலுள்ள புரதம் கரைக்கும் நொதியும் கம்பளியையும் பட்டையும் தாக்கும். ஐந்து லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி குழந்தைகள் ஷம்பு போதும். பத்து நிமிடம் ஊறவிட்டு, அமுக்கி அமுக்கி விடுங்கள். தேய்க்கவோ முறுக்கவோ கூடாது. இரண்டு தடவை அலசி, இரண்டாவது அலசலில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி சேர்த்தால் ஒட்டிய காரம் போகும். தூக்கும்போது இரு கையாலும் அடியிலிருந்து ஏந்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்ப் பாரத்தில் முழங்கால் வரை நீளும். பாயில் அல்லது வலையில் நிழலில் விரித்து உலர்த்த வேண்டும்.

இதெல்லாம் பின்னல் உடுப்புக்கு. உள்துணி வைத்துத் தைத்த கோட்டைத் தண்ணீரில் போடவே வேண்டாம். மேல்துணி ஒரு விதமாகவும் விறைப்புக்கு உள்ளே வைத்த கன்வஸ் துணி இன்னொரு விதமாகவும் சுருங்கி, மார்புப் பக்கம் குமிழ் குமிழாக எழும்பும்.

கோட்டிலிருந்து பூஞ்சண மணம் போகவில்லை. எங்கள் லயத்து வீட்டில் அலுமாரியில் வைத்த நல்ல உடுப்பும் அப்படித்தான் ஆகிறது. – வாசகர், நானுஓயா

மலைநாட்டில் பழைய உடுப்பின் பெரிய எதிரி பூச்சி அல்ல, ஈரம். காற்றின் ஈரப்பதன் 65, 70 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் வளரும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாப் பகுதியில் மழை மாதங்கள் முழுவதும் அப்படித்தான்.

முதலில் கோட்டை வீட்டுக்கு வெளியே கொண்டு போங்கள். உள்ளே தட்டினால் பூஞ்சணத்தின் வித்திகள் மற்ற உடுப்புகளுக்குப் பரவும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாக, பொக்கெட்டுகளை வெளியே புரட்டி, கொலரை நிமிர்த்தித் தூசி தட்டுங்கள். ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, மெல்லிய துணியை அதில் நனைத்து இறுகப் பிழிந்து, உள்துணியையும் மேல்துணியையும் ஒற்றி எடுங்கள். நிறம் போகிறதா என்று முதலில் உள்மடிப்பில் சோதியுங்கள். பிறகு அகலமான தோள் கொண்ட கொளுவியில் மாட்டி, காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று உலர் நாட்கள் தொங்க விடுங்கள். உள்பக்கத்தை வெளியே புரட்டி ஒரு மணித்தியாலம் இளவெயில் காட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். உயரம் கூடக்கூட வெயிலில் புறஊதாக் கதிர் அதிகம், தோள் பகுதி வெளிறிவிடும். வினாகிரி மணம் தானே போகும். மிஞ்சிய மணத்துக்கு, அகன்ற வாளியின் அடியில் ஒரு கோப்பை அப்பச்சோடாவைத் திறந்து வைத்து, மேலே தட்டுப் போட்டுக் கோட்டை மடித்து வைத்து, மூடி மூன்று நாள் விடுங்கள்.

பருத்திச் சட்டையில் கறுப்புப் புள்ளிகள் நிலைத்துவிட்டால், வெள்ளைத் துணிக்கு மட்டும், மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டைப் புள்ளியில் இட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து அலசலாம். குளோரின் வெளுப்பானைக் கம்பளிக்கும் பட்டுக்கும் தொடவே கூடாது. அது அந்த நார்களைக் கரைத்துவிடும். வெளுப்பானையும் வினாகிரியையும் ஒருபோதும் சேர்க்க வேண்டாம், நச்சு வாயு கிளம்பும்.

இனி அலுமாரி. லயத்து வீட்டில் வெளிச்சுவரோடு ஒட்டி வைத்த அலுமாரியின் பின்பலகை எப்போதும் குளிர்ந்திருக்கும். அறைக் காற்றின் ஈரம் அங்கேதான் தண்ணீராகப் படியும். சுவரிலிருந்து மூன்று, நான்கு அங்குலம் தள்ளி, கீழே இரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள். உள்சுவர் ஓரம் கிடைத்தால் இன்னும் நல்லது. அடுப்படிக்குப் பக்கத்தில் உலர்வாக இருந்தாலும் வைக்காதீர்கள்; விறகுப் புகை கம்பளியில் ஏறினால் மாதக்கணக்கில் போகாது. உடுப்பைப் பொலித்தீன் பைக்குள் கட்டி வைப்பது ஈரத்தை உள்ளேயே பூட்டுவது. பழைய பருத்திச் சாரத்தால் உறை தைத்துப் போடுங்கள். தொங்கும் உடுப்புகளுக்கு இடையில் கை நுழையும் இடைவெளி வேண்டும்.

உலர்ந்த காலத்தைத் தவறவிடாமல் அலுமாரியைக் காலி செய்து காற்றாட விடுங்கள். நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. பண்டாரவளை, பதுளை, வெலிமடைப் பக்கத்துக்கு ஜூன் முதல் ஓகஸ்ட் வரை.

அந்துப்பூச்சிச் சந்தேகம் உள்ள கம்பளியைப் பையில் காற்றுப் போகாமல் கட்டி, -18 பாகை கொண்ட டீப் ஃபிரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு, மறுநாள் திறந்தால் துணியில் நீர் படியாது. வீட்டில் வசதி இல்லாவிட்டால் தெரிந்த கடையில் கேட்டுப் பாருங்கள்.

நப்தலீன் உருண்டை பற்றி ஓர் எச்சரிக்கை. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அந்த மணமுள்ள உடுப்போ போர்வையோ இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சட்காமாலையைக் கொண்டுவரும். குறைபாடு இருப்பது வெளியே தெரியாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் அதைப் பயன்படுத்தவே வேண்டாம். பேலில் வாங்கிய குழந்தை உடுப்பில் அந்த மணம் இருந்தால் வாங்காதீர்கள்.

பழைய உடுப்பால் சொறி, சிரங்கு வருமா? – வாசகி, ஹப்புத்தளை

சிரங்குப் பூச்சி மனிதத் தோலை விட்டு இரண்டு மூன்று நாளுக்கு மேல் பெரும்பாலும் உயிரோடு இருக்காது. உடற்பேன் ஒரு வாரத்துக்குள் சாகும். ஆகவே வாங்கியதை இறுகக் கட்டிய பையில் ஒரு வாரம் ஒதுக்கி வைத்து, பிறகு துவையுங்கள். பருத்தியும் லினனும் என்றால் 60 பாகைச் சுடுநீரில் போடலாம். உள்ளாடையும் காலுறையும் பழையதாக வாங்க வேண்டாம். மூட்டைப்பூச்சி மட்டும் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் வாழும். தையல் ஓரத்தில் கறுப்புப் புள்ளியாக எச்சம் தெரிந்தால் அந்த உடுப்பைத் தொடாதீர்கள்.

பேலில் வாங்கிய 'லெதர்' ஜக்கெட் இரண்டே மாதத்தில் செதில் செதிலாக உரிகிறது. ஒட்ட முடியுமா? – வாசகர், இராகலை

முடியாது. அது தோல் அல்ல, துணியின் மேல் பூசிய பொலியூரிதேன். ஈரக்காற்று அந்தப் பூச்சை உள்ளிருந்தே சிதைக்கிறது. உடுக்காமல் அலுமாரியில் கிடந்தாலும் நடக்கும். வெளிநாட்டில் பத்து வருடம் கிடந்து வந்த ஜக்கெட் மலைநாட்டு ஈரத்தில் சட்டென்று உரிவது அதனால்தான். வாங்கும்போது கொலர் மடிப்பையும் முழங்கை மடிப்பையும் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். பொக்கெட் உள்ளே வெட்டு ஓரம் தெரிந்தால் கவனியுங்கள்: தோலில் நார்நாராக இருக்கும், போலியில் கீழே நெய்த துணி தெரியும். மழை ஜக்கெட்டுகளிலும் இதே பூச்சு உள்பக்கம் இருக்கும். உள்ளே பிசுபிசுத்தாலோ, தையல் மேல் ஒட்டிய நாடா கழன்றாலோ அது இனி மழை தாங்காது. உண்மைத் தோலில் பூஞ்சணம் பிடித்திருந்தால் பயப்பட வேண்டாம், வினாகிரித் துணியால் துடைத்து நிழலில் உலர்த்தி, தோலுக்கான மெழுகு பூசினால் மீளும்.

பழைய பட்டுச் சேலை விற்கும் கடையில் காஞ்சிபுரக் கூறைச் சேலை ஒன்று பார்த்தேன். நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகி, கண்டி

சேலையின் ஆறு யார் நீளத்தையும் முழுதாக விரிக்கச் சொல்லுங்கள். விரிக்க மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். பட்டுச் சேலை முதலில் போவது மடிப்புக் கோடுகளில்தான். ஒவ்வொரு மடிப்பையும் வெளிச்சத்துக்குப் பிடித்து, இழை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரு கையாலும் மெல்ல இழுக்கும்போது சரசரவென்று பிளந்தால் பட்டு உலர்ந்து நொறுங்கிவிட்டது. அதை எந்தத் தையல்காரராலும் காப்பாற்ற முடியாது.

அடுத்து கரையைப் புரட்டிப் பாருங்கள். உடலும் கரையும் வேறு நிறமென்றால், கோர்வை போட்டு நெய்த சேலையில் இரண்டும் சேரும் இடம் பல்வரிசை போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கும். சரிகையின் ஓர் இழையை உள்முனையில் சுரண்டுங்கள். வெள்ளி சுற்றிய நல்ல சரிகையில் உள்ளே சிவப்பு நூல் தெரியும். பிளாஸ்டிக் சரிகை நெருப்பில் உருகும். வெள்ளிச் சரிகை வருடங்களில் கறுக்கும். அது குறையல்ல, அதற்காக விலை குறைத்துக் கேட்கலாம். பழைய சரிகைக்கு எடை போட்டு விலை பேசும் வியாபாரிகளிடம் உங்கள் வீட்டுச் சேலையைக் கொடுக்க முன் நன்றாக யோசியுங்கள். உருக்கினால் வெள்ளி மட்டும்தான் மிஞ்சும். உடல் கிழிந்து கரை நன்றாயிருந்தால் பிள்ளைக்குப் பாவாடையும் சட்டையும் வெட்டலாம்.

வைப்பதற்கு வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். கனத்த சேலையைக் கொளுவியில் தொங்கவிட வேண்டாம், அதன் பாரமே நடுவில் கிழித்துவிடும்.

விலை எப்படிப் பேசுவது? – வாசகர், நாவலப்பிட்டி

அந்த உடுப்புக்குப் புதிதாக என்ன விலை என்பதை விடுங்கள். திருத்தச் செலவை முதலில் கூட்டுங்கள். பொத்தான், ஸிப், உள்துணி, சலவை எல்லாம் சேர்ந்து உடுப்பின் விலையைத் தாண்டினால் அது மலிவல்ல. கோட்டுக்கு உள்துணி மாற்ற இரண்டு முதல் இரண்டரை மீற்றர் துணி போகும். அந்த விலையை முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள். குறையைக் காட்டிப் பேசுங்கள், மரியாதையாக. ஒரே கடையில் மூன்று நான்கு உருப்படி சேர்த்து எடுத்தால் குறைப்பார்கள்.

எதைத் தையல்காரர் திருத்துவார், எதைத் திருத்த முடியாது? – வாசகி, டிக்கோயா

பட்டியிலுள்ள அளவு எண்ணை நம்பாதீர்கள். பழைய கவுனில் 14 என்று இருப்பது இன்றைய 14ஐ விட வெகுவாகச் சிறியது. உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் சட்டை ஒன்றைச் சமதரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், கை நீளம், முதுகு நீளம் ஆகிய நான்கையும் அளந்து கைபேசியில் வைத்திருங்கள். கடையில் அதே நான்கை அளந்தால் போட்டுப் பார்க்காமலே பாதி தெரிந்துவிடும்.

இடுப்பைப் பிடிப்பது, கீழ்மடிப்பை ஏற்றுவது, கையைச் சுருக்குவது எளிது. கைவிளிம்புப் பொத்தான்கள் உண்மையான துளை வெட்டியவை என்றால் கை சுருக்குவது ஒரு அங்குலத்துக்கு மேல் சரிவராது. பெரிதாக்குவது உள்ளே விட்டிருக்கும் துணியைப் பொறுத்தது. தையலை உள்பக்கம் புரட்டிப் பாருங்கள். பழைய தையலில் பக்கத்துக்கு ஒரு அங்குலம் வரை விட்டிருப்பார்கள், அதை விரித்தால் ஒன்றரை அங்குலச் சுற்றளவு கிடைக்கும். இன்றைய தொழிற்சாலைத் தையலில் ஒரு சென்ரிமீற்றர்தான், ஓவர்லொக் அடித்து வெட்டியிருக்கும், விரிக்க ஒன்றுமில்லை. பழைய தையலைப் பிரித்தால் அந்தக் கோட்டில் துணி வெளிறாமல் புது நிறத்தில் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். நிறம் மங்கிய துணியில் அது கோடாக நிற்கும். தோளும் கைக்குழியும் திருத்தத் தகுந்தவை அல்ல, கோட்டையே பிரித்துத் தைக்க வேண்டி வரும்.

தண்ணீரில் போடக்கூடிய உடுப்பு என்றால் தையல்காரரிடம் கொடுக்க முன் ஒரு தடவை துவைத்து, உலர்த்தி, அயன் பண்ணிக் கொடுங்கள். துவைக்காத பருத்தியும் ரேயோனும் வெட்டிய பிறகு சுருங்கினால் ஏற்றிய கீழ்மடிப்பை இறக்க உள்ளே துணி இருக்காது.